பழைய சண்டை விளையாட்டுகளில் எதைப் பழகுவது? மூன்று ஆட்டங்கள், மூன்று பாத்திர வரிசைகள்

1990களில் ஆர்கேட் கூடங்களுக்கென்று உருவான, இருவர் மோதும் சண்டை விளையாட்டுகளுள் ஒன்றை இன்று முறையாகப் பழகலாம் என்று முடிவு செய்பவருக்கு, நீண்ட பட்டியலை வடிகட்டிய பிறகு பெரும்பாலும் மூன்று பெயர்களே மிஞ்சுகின்றன. ஒன்று, காப்காம் நிறுவனம் 1994இல் வெளியிட்ட சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ. இன்னொன்று, எஸ்என்கே நிறுவனம் 1998இல் வெளியிட்ட தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் '98. மூன்றாவது, மீண்டும் காப்காமிடமிருந்து 1999இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். மூன்றையும் இன்றுவரை ஆடிவருகிறார்கள். மூன்றுக்கும் இணையத்தில் எதிராளிகள் கிடைக்கிறார்கள். ஆகவே ஆள் உண்டா என்பது இங்கே சிக்கல் அல்ல. ஆண்டுக்கணக்கில் கைப்பழக்கமாக்கிக்கொள்ள எது தகும் என்பதே சிக்கல்.

இத்தகைய ஒப்பீடுகள் வழக்கமாக வேகம், காம்போ எனப்படும் தொடரடிகளின் நீளம், ஓவியத்தின் அழகு ஆகியவற்றில் தொடங்கும். நான் பாத்திர வரிசையில் தொடங்க விரும்புகிறேன். ஓர் ஆட்டத்தின் பொது விதிகளைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அதன் பிறகு நாம் செய்வதெல்லாம், நமக்கென்று ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மற்ற ஒவ்வொரு பாத்திரத்தையும் எப்படி எதிர்கொள்வது என்று தனித்தனியாகப் படிப்பதுதான். அந்தப் படிப்பு வளமாக இருக்குமா, ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதாக முடியுமா என்பதைப் பாத்திர வரிசையே தீர்மானிக்கிறது. எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இதில் அதிகம் உதவாது. எதிரே நிற்பவர் மாறும்போது நம் ஆட்டம் எவ்வளவு மாறவேண்டியிருக்கிறது என்பதும், வரிசையில் இருப்பவர்களில் எத்தனை பேரை நடைமுறையில் சந்திக்கப்போகிறோம் என்பதும்தான் பார்க்கவேண்டியவை.

புதிய ஆட்டங்கள் இருக்கும்போது பழையது எதற்கு என்ற கேள்விக்கும் பாதி விடை இங்கேயே இருக்கிறது. 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 தொடக்கத்தில் 18 பாத்திரங்களுடன் வெளியாகி, பிறகு ஆண்டுக்கு நால்வர் என்ற கணக்கில் விலைக்குச் சேர்த்துவருகிறது. அவ்வப்போது வரும் புதுப்பிப்புகளால் ஒருவருடைய பலமும் பலவீனமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இதில் தவறொன்றும் இல்லை, ஆட்டம் உயிர்ப்புடன் இருக்க அது ஒரு வழி. ஆனால் பழைய ஆட்டத்தின் பாத்திர வரிசை அச்சேறிவிட்ட நூலைப் போன்றது. 1994இல் ஜப்பானிய ஆட்டக்காரர் ஒருவர் கண்டுபிடித்த உத்தி இன்றும் அப்படியே செல்லும். நாம் இவ்வாண்டு கற்பது பத்தாண்டு கழித்தும் செல்லும். அதே காரணத்தால் அநியாயமான மோதல்களும் பிழைகளும் ஒருபோதும் திருத்தப்பட மாட்டா. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர் புதியதையே எடுப்பது நல்லது.

இனி சூப்பர் டர்போ. இதன் வேர் 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. அதில் தேர்ந்தெடுக்கக்கூடியவர்கள் எட்டுப் பேர். கணினியே ஆடிய தலைவர்கள் நால்வர். 1992இல் வந்த சாம்பியன் எடிஷன் அந்த நால்வரையும் ஆட்டக்காரர் கையில் கொடுத்தது. 1993இல் வந்த சூப்பர் பதிப்பு கேமி, ஃபே லாங், டீ ஜே, டி. ஹாக் என்ற நால்வரைச் சேர்த்துப் பதினாறாக்கியது. 1994இல் வந்த டர்போ புதிதாகச் சேர்த்தது மறைவாக வைக்கப்பட்ட அகுமா ஒருவரை மட்டுமே. வானிலிருந்து சாய்வாகத் தீப்பந்து எறியும் அவரை எதிர்க்க மற்றவர்களுக்கு உருப்படியான வழியே இல்லாததால் அமெரிக்கப் போட்டிகளில் அவருக்குத் தடை விதித்துவிட்டார்கள். எனவே நாம் பேசுவது பதினாறு பேரைப் பற்றித்தான்.

இந்தப் பதினாறு பேர் கொண்ட வரிசையின் அருமை, அதில் பலர் வெவ்வேறு விளையாட்டுகளிலிருந்து தவறி வந்து ஒரே மேடையில் நிற்பதுபோல் இயங்குவதில் இருக்கிறது. ரியூவிடம் தீப்பந்தும், தாவி வருபவரை வீழ்த்தும் மேல்நோக்கிய குத்தும் உண்டு. தூரத்தைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள அவருக்கு இவை போதும். கைல் சொனிக் பூம் எறிய வேண்டுமானால் ஸ்டிக்கைச் சிறிது நேரம் பின்னோக்கிப் பிடித்திருந்து முன்னே தள்ள வேண்டும். எனவே முன்னேறி நடக்கும் ஒவ்வொரு கணமும் அவர் தன் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு நடக்கிறார். ஜாங்கீஃபிடம் எறிவதற்கு எதுவுமே இல்லை. ஸ்டிக்கை ஒரு முழு வட்டம் சுழற்றிப் பட்டனை அழுத்தினால் எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி நிலத்தில் அறையும் பிடி ஒன்றுதான் அவருடைய வாழ்வாதாரம். அந்தப் பிடிக்கு எட்டும் தூரம் வரை போய்ச் சேருவதே அவரை எடுத்தவருக்கு முழு ஆட்டம். ரியூவை எதிர்த்துக் கைல் ஆடும் ஆட்டமும், அதே ரியூவை எதிர்த்து ஜாங்கீஃப் ஆடும் ஆட்டமும் ஒரே நிரலில் ஓடுகின்றன என்பதை நம்புவதே கடினம்.

இந்திய வாசகர் தால்சிமைப் பற்றி ஒரு சொல்லேனும் எதிர்பார்ப்பார். மண்டையோட்டு மாலை அணிந்து, வாயால் தீ உமிழ்ந்து, யானைகள் நிற்கும் அரண்மனைக் கூடத்தில் சண்டையிடும் யோகி என்பது 1991இல் ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் இந்தியாவைப் பற்றிக் கொண்டிருந்த கதம்பக் கற்பனை. இதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம், கோபப்படவும் செய்யலாம். ஆனால் ஆட்டம் என்ற அளவில் அந்தக் கற்பனையிலிருந்து பிறந்த பாத்திரம் அசலானது. மெதுவாக நடப்பவர், உயரத் தாவி மெதுவாக இறங்குபவர், ஆனால் திரையின் பாதி தூரத்துக்குக் கையும் காலும் நீள்பவர். நீட்டிய கை அடி வாங்கும் உறுப்பும்கூட என்பதால், எந்த எதிராளிக்கு எந்தத் தூரத்தில் எந்தக் காலை நீட்டுவது என்பதை ஆட்டக்காரர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு வந்த எத்தனையோ சண்டை விளையாட்டுகளில் நீளும் கைகால்கள் கொண்ட பாத்திரம் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் தால்சிமின் வாரிசே.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வரிசையில் சமநிலை கிடையாது. சூமோ வீரர் ஹோண்டாவை எடுத்தவர் நன்கு தெரிந்த ரியூ ஒருவரிடம் அகப்பட்டால், தீப்பந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்தும் நின்ற இடத்திலேயே துள்ளியும் அங்குலம் அங்குலமாக முன்னேற வேண்டும்; நெருங்கிவிட்டாலோ நிலைமை தலைகீழாகும். மேற்கத்தியப் பதிப்பில் வேகா என்று பெயர் பெற்ற நகவீரர், விழுந்து எழுபவர் மீது சுவரிலிருந்து பாய்ந்து பாய்ந்து மீளவே விடாமல் செய்யமுடியும். முந்தைய சூப்பர் பதிப்பில் இருந்த பாத்திரங்களையும் ஒரு ரகசியக் கட்டளையால் எடுக்கலாம் என்பதில் இன்னொரு விபரீதம் உண்டு: சாகத் என்ற பாத்திரத்தின் பழைய வடிவத்துக்கு, பட்டை நிரம்பியதும் கிடைக்கும் சூப்பர் தாக்குதல் என்ற பேரடி கிடையாது, எதிராளி தூக்கி எறியும்போது பாதிப்பைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் கிடையாது. இருந்தும், தீப்பந்தை எறிந்தபின் அவர் விரைவாக நிமிர்ந்துவிடுவதால் புதிய சாகத்தைவிட வலிமையானவர். போதாதற்கு, ஒரே அடி ஒவ்வொரு முறையும் சற்றே கூடவும் குறையவும் சேதம் விளைவிக்கும். 2008இல் வந்த எச்டி ரீமிக்ஸ் பதிப்பு இந்தச் சமநிலையைத் திருத்தி அமைக்க முயன்றது. போட்டியாளர்கள் மீண்டும் 1994இன் ஆட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள். அநியாயங்கள் உட்பட அவர்கள் கற்றிருந்தது அதைத்தானே.

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் '98 வேறொரு கொள்கையில் நிற்கிறது. 1994இல் தொடங்கிய இந்தத் தொடரின் அடிப்படை யோசனை, எஸ்என்கே தன் பல விளையாட்டுகளின் நாயகர்களை ஒரே போட்டிக்கு அழைத்து மூவர் மூவராக மோதவிடுவது. ஃபேட்டல் ஃப்யூரியிலிருந்து டெர்ரி போகார்டும் அவருடைய தம்பி ஆண்டியும் ஜோ ஹிகாஷியும் வந்தார்கள். ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கிலிருந்து ரியோ சகாசாகியும் ராபர்ட் கார்சியாவும் வந்தார்கள். 1980களின் துப்பாக்கி விளையாட்டான இகாரி வாரியர்ஸின் ரால்ஃபும் கிளார்க்கும்கூடத் துப்பாக்கியைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறுங்கையுடன் வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்கு நடுவில் இத்தொடருக்கென்றே படைக்கப்பட்ட க்யோ குசனாகியும் இயோரி யாகமியும் நிற்கிறார்கள். எட்டுத்தலைப் பாம்பான யமட்டா நோ ஒரோச்சியைப் பற்றிய ஜப்பானியத் தொன்மத்தைத் தழுவி 1995 முதல் 1997 வரை ஓடிய கதையில், அந்தத் தீய ஆற்றலை அடைத்துவைத்த பழங்குலங்களின் வாரிசுகள் இவர்கள்.

'98இல் கதையே கிடையாது. முடிந்துபோன கதையில் வந்தவர்களையும் இறந்துபோனவர்களையும் ஒன்றுசேர்த்து ஒரு கனவுப் போட்டி நடத்துவதாகவே அதை வெளியிட்டார்கள். 1994இல் ஒரே ஒரு முறை தலைகாட்டி மறைந்த அமெரிக்க விளையாட்டு வீரர் அணிகூட இதில் திரும்பி வருகிறது. பன்னிரண்டு அணிகள், தனித்து நிற்கும் ஷிங்கோ, ருகல் என்று மொத்தம் 38 பேர். அவர்களில் சிலருக்கு மாற்று வடிவங்களும் உண்டு. பாத்திரங்களிடையே உள்ள உறவுகள் ஆட்டத்தின் ஓரங்களில் கசிவது இந்த வரிசையின் தனிச்சுவை. க்யோவும் இயோரியும் எதிரெதிரே வந்தால் சண்டைக்கு முன் கையில் நெருப்பேந்தி முறைத்துக்கொள்வார்கள். கிம் காப்வான் என்ற டேக்வாண்டோ ஆசான், சாங், சோய் என்ற இரு குற்றவாளிகளைத் திருத்துவதற்காகவே தன் அணியில் இழுத்துக்கொண்டு திரிகிறார். ஷிங்கோ யபுகி, க்யோவைக் கண்டு மயங்கி அவருடைய அடிகளையெல்லாம் நெருப்பில்லாமல் அப்படியே செய்து பார்க்கும் பள்ளி மாணவன். அவன் அடி சில வேளைகளில் எதிர்பாராமல் பலமாக விழும் என்பதும் அவன் குணத்துக்குப் பொருத்தமானதே.

ஆனால் நம் அளவுகோலைக் கொண்டு பார்க்கும்போது இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த 38 பேரும் சூப்பர் டர்போவின் பதினாறு பேரைப் போல அவ்வளவு தூரம் விலகி நிற்பவர்கள் அல்லர். எல்லோரும் ஓடுவார்கள், எல்லோரும் உருண்டு விலகுவார்கள், எல்லோருக்கும் நான்கு வகைத் தாவல்கள் உண்டு. அவற்றுள் தரையை ஒட்டிச் செல்லும் சிறு தாவல் இந்த ஆட்டத்தின் இதயம். அதைத் தடுப்பதும் அதைக் கொண்டு நெருக்குவதும் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் கற்கவேண்டிய பொதுப்பாடம். ஆகவே தனித்தனி மோதல்களின் வேற்றுமை சற்றுக் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்டுவது அணிதான். மூவரைத் தேர்ந்தெடுத்து யாரை முதலில் இறக்குவது, யாரைக் கடைசிக்கு வைப்பது என்று வரிசைப்படுத்த வேண்டும். அட்வான்ஸ்ட் என்ற முறையில் சக்திப்பட்டை அடுத்தவருக்கும் தொடர்வதால், முதலில் வருபவர் சக்தியைச் செலவழிக்காமல் சேர்த்துவைப்பவராகவும் கடைசியில் வருபவர் சேர்ந்ததைக் கொண்டு பேரழிவு செய்பவராகவும் இருப்பது நல்லது. எதிராளியின் அணியும் இதே கணக்கில் அமைந்திருக்கும். ஒருவரைத் தோற்கடித்தவுடன் அடுத்தவர் வேறொரு பாணியுடன் இறங்குவதால், ஒரே ஆட்டத்துக்குள் நாம் மூன்று விதமாக யோசிக்க வேண்டியதாகிறது.

இதற்கு விலையும் மூன்று மடங்கு. ஒருவரைக் கற்பதற்கே மாதங்கள் ஆகும் துறையில் மூவரைக் கற்க வேண்டும். நாற்பதுக்கு அருகில் எதிராளிகள் இருப்பதால் முன்பின் தெரியாத அடியில் மாட்டித் தோற்பது நீண்ட நாள் தொடரும். எனினும் ஒரே முகத்தில் நிலைக்க மனமில்லாதவர்களுக்கு, இன்று ஒருவர் நாளை ஒருவர் என்று மாற்றிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நான்கே பட்டன்கள் என்பது புதியவருக்கு ஒரு சிறு நிம்மதி. ஸ்ட்ரீட் ஃபைட்டர்களுக்கு ஆறு பட்டன்கள் வேண்டும். எஸ்என்கேயின் ஆர்கேட் இயந்திரமான நியோ ஜியோ பெட்டி ஒன்றிலேயே கேட்ரிட்ஜை மட்டும் மாற்றிப் புது விளையாட்டை ஓட்டலாம் என்பது ஆர்கேட் நடத்துபவர்களுக்கு மலிவான ஏற்பாடாக இருந்தது. சீனாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இத்தொடர் ஆழ வேரூன்றியதில் அந்த மலிவுக்கும் பங்குண்டு. இந்த ஆட்டத்தில் நாம் சந்திக்கப்போகும் வலுவான எதிராளிகள் அந்த நாடுகளைச் சேர்ந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதான தேர்ட் ஸ்ட்ரைக்கைப் பற்றி நடுநிலையுடன் எழுதுவது கடினம்; மூன்றிலும் அழகானது அதுவே. 1997இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3, ரியூ, கென் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் புதியவர்களாக நிறுத்தியது. ஆறாண்டு பழகிய கைலையும் ஜாங்கீஃபையும் காணாத ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தப் புதியவர்களைப் பாருங்கள்: ரோஜாவை வீசி எதிராளியைச் சீண்டும் ஆங்கிலேயக் குத்துச்சண்டைக் கனவான் டட்லி, நடனம் போன்ற பிரேசிலியச் சண்டைக் கலையான கபோய்ரா ஆடும் கென்யப் பெண் எலினா, ஒரு கையைக் கட்டிவைத்துவிட்டு மறு கையால் மட்டும் சண்டையிடும் கிழவர் ஓரோ. 1999இன் தேர்ட் ஸ்ட்ரைக் இவர்களுடன் முகமூடியும் நீளங்கியும் அணிந்த கியூவைச் சேர்த்தது. யாரென்றே தெரியாத அந்த ஆள் ஒவ்வொரு முறை சீண்டும்போதும், மூன்று முறை வரை, அவருடைய தாங்கும் திறன் கூடுகிறது. எலினா நிற்கும்போதுகூட உடல் முழுவதும் தாளத்தில் அசைந்துகொண்டிருக்கும் அந்த வரைகலையை இரு பரிமாணத்தில் மிஞ்சியவை மிகச் சிலவே. ஆட்டக்காரர் கையில் கிடைப்பவர்கள் 19 பேர்; ஒவ்வொருவருக்கும் சூப்பர் ஆர்ட் எனப்படும் மூன்று பேரடிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு.

இவ்வளவு இருந்தும் என் அளவுகோலில் இது பின்தங்குவதற்குக் காரணம் பாரி என்ற உத்தி. எதிராளியின் அடி நம்மைத் தொடும் அந்தக் கணத்தில் ஸ்டிக்கை முன்னோக்கியோ கீழ்நோக்கியோ தட்டினால் அடி வீணாகி, நாம் உடனே திருப்பி அடிக்கலாம். கண்ணுக்கும் கைக்கும் இதைவிட இன்பமான கண்டுபிடிப்பு இத்துறையில் இல்லை. ஆனால் எல்லோரும் எதையும் பாரி செய்ய முடியும் என்றவுடன், தொலைவிலிருந்து தீப்பந்தால் கட்டுப்படுத்துபவர், தாவலைத் தரையிலிருந்தே வெட்டுபவர் என்ற பழைய தொழில் பிரிவினைகள் கரைகின்றன. வரிசையில் உள்ள வேற்றுமைகள் ஓவியத்தில் பெரிதாகவும் ஆட்டத்தில் சிறிதாகவும் ஆகிவிடுகின்றன. நெருங்கி நின்று, ஒரு சிறு உதையிலிருந்து பெரும் சேதத்தை எடுக்கக்கூடியவர்களே மேலே மிதக்கிறார்கள். அவர்கள் சுன்-லி, யுன், கென் ஆகிய மூவர்.

இதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. சண்டை விளையாட்டு வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்ற காட்சியே சான்று. 2004இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த எவோ என்ற பெரும் சண்டை விளையாட்டுப் போட்டியில், கென்னை எடுத்த டைகோ உமெஹாரா, உயிர்ப்பட்டையில் ஒரு கோடு மட்டும் மிஞ்சிய நிலையில், ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லியின் சூப்பர் ஆர்ட்டின் 15 அடிகளையும் பாரி செய்து, திருப்பி அடித்து வென்றார். தடுத்திருந்தால்கூடத் தடுப்பின் வழியே கசியும் சேதத்தில் அவர் விழுந்திருப்பார் என்பதால் பாரி ஒன்றே வழி. இன்றும் பலர் இந்த ஆட்டத்துக்கு வருவது அந்தக் காணொளியைப் பார்த்துத்தான். அது இறுதிப் போட்டி அல்ல என்பதும், இறுதியில் யுன்னை எடுத்த ஜப்பானிய ஆட்டக்காரர் கேஓவிடம் டைகோ தோற்றார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கென், சுன்-லி, யுன்: உலகின் ஆகச் சிறந்தவர்கள் கூடிய மேடையின் உச்சியில் தெரிந்த முகங்கள் இவையே. இவர்களில் சுன்-லி, பழைய முகங்களுக்கு ஏங்கிய ரசிகர்களுக்காகத் தேர்ட் ஸ்ட்ரைக்கில் திரும்ப அழைக்கப்பட்டவர். புதியவர்களை நம்பிக் கட்டிய வரிசையில் விருந்தாளியாக வந்த அவர் வீட்டுக்காரர்களையே வெளியேற்றிவிட்டார். டட்லியையும் மகோட்டோவையும் யூரியனையும் கொண்டு பெரிய போட்டிகளில் சாதித்தவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் எதிராளியின் உருவத்தையே தனக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய ட்வெல்வ் போன்ற விசித்திர யோசனை பட்டியலின் அடியில் கிடப்பது எனக்கு என்றும் வருத்தமே.

வேறு சில பெயர்களையும் கேட்பார்கள். 2000இல் வந்த மார்வெல் வெர்சஸ் காப்காம் 2இல் 56 பேர் இருக்கிறார்கள். எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அதுவே உதாரணம், ஏனெனில் போட்டிகளில் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் ஆகியோரும் அவர்களுக்குத் துணையாக வரும் சிலருமே திரும்பத் திரும்பத் தெரிவார்கள். 1997இன் டெக்கன் 3 முப்பரிமாண ஆட்டம்; அதைத் தனியாகத்தான் ஒப்பிட வேண்டும். உண்மையில் இந்த மூன்றுடன் நான்காவதாக நிற்கத் தகுந்தது எஸ்என்கே 1999இல் வெளியிட்ட கரோ: மார்க் ஆஃப் தி வுல்வ்ஸ். டெர்ரி போகார்ட் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் புதியவர்களாக்கி, 14 பேருக்குள் தெளிவாக வேறுபட்ட பாணிகளை அடக்கிய ஆட்டம் அது. டெர்ரி கொன்ற எதிரியின் மகனை டெர்ரியே வளர்த்து ஆளாக்கினார் என்ற ஒரே வரியில் ராக் ஹவார்டுக்குக் கிடைக்கும் கனம் பல கேம்களின் முழுக் கதைக்கும் கிடைப்பதில்லை. நாயகர்களை மாற்றும் வேலையைத் தேர்ட் ஸ்ட்ரைக்கைவிடக் கரோ நன்றாகச் செய்தது என்பது என் எண்ணம். 2025இல் அதன் தொடர்ச்சியாகச் சிட்டி ஆஃப் தி வுல்வ்ஸ் வந்துவிட்டதால், அந்த உலகத்தை விரும்புபவர் புதியதற்கே போய்விடலாம் என்ற ஒரே காரணத்தால் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கிடைக்கும் வழிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சூப்பர் டர்போவும் தேர்ட் ஸ்ட்ரைக்கும் 2018இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கின்றன. அதிலுள்ள 12 விளையாட்டுகளில் இணையத்தில் ஆடக்கூடிய நான்கில் இவ்விரண்டும் சேரும். '98ஐ அதன் அசல் வடிவத்தில் நியோ ஜியோ மறுபதிப்புகளில் வாங்கலாம். அல்டிமேட் மேட்ச் என்ற பிந்தைய வடிவத்தில் பாத்திரங்கள் 64 ஆகப் பெருகியிருக்கின்றன. அது விரிவான பதிப்பு மட்டுமல்ல, சமநிலையே மாறிய வேறோர் ஆட்டம் என்பதை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். தீவிரமாக ஆடுபவர்களில் பலர் கூடுவது ஃபைட்கேட் என்ற தளத்தில். விளையாட்டுக் கோப்புகளை அது தருவதில்லை, அவற்றின் உரிமை அந்தந்த நிறுவனங்களுக்கு உரியது. எவோவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற ரோல்பேக் முறையில் அது இயங்குவதால், எதிராளியின் கட்டளை வந்து சேரும் முன்பே ஊகித்து ஆட்டத்தை நகர்த்தி, ஊகம் தவறினால் பின்சென்று திருத்திக்கொள்கிறது. எனினும் ரோல்பேக் தூரத்தை மறைக்குமே தவிர அழிக்காது. கண்டம் தாண்டிய எதிராளியுடன் ஆடும்போது திருத்தங்கள் கண்ணில் படும். கணநேரப் பாரியை நம்பும் தேர்ட் ஸ்ட்ரைக்கில் அது அதிகம் உறுத்தும். அசல் ஆர்கேட் பலகையே வேண்டும் என்பவர்கள், காப்காமின் சிபிஎஸ்-2 பலகையில் குறியீட்டுத் திறவுகோலைக் காத்துவைத்திருக்கும் மின்கலம் தீர்ந்தால் பலகை செயலிழந்துவிடும் என்பதை அறிந்தே இறங்க வேண்டும்.

எதிராளியே இல்லாமல் கணினியுடன் மட்டும் ஆடப்போகிறவருக்குச் சூப்பர் டர்போவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கணினி எதிராளிகள் இரக்கமற்றவர்கள். மனிதக் கைகளால் முடியாத வேகத்தில் பதிலடி தருபவர்கள். அவர்களை வெல்லக் கற்பது மனிதர்களை வெல்ல உதவாது. தனியாக ஆட '98 எவ்வளவோ மேல். இறுதியில் வரும் ஒமேகா ருகல் மட்டும் பொறுமையைச் சோதிப்பார். முகமறியாதவர்களுடன் இணையத்தில் மட்டுமே ஆடுவேன், அழகான ஆட்டம் வேண்டும், அதே மூன்று முகங்களை அடிக்கடி சந்திப்பதில் மனக்குறை இல்லை என்பவர் தேர்ட் ஸ்ட்ரைக்கை எடுக்கலாம்; ஏமாற மாட்டார். மூன்று நான்கு நண்பர்கள் கூடும் வீட்டில், ஆளுக்கொரு ரசனையுடன் அணி கட்டி வாரக்கணக்கில் வம்பளக்க '98க்கு நிகரில்லை.

ஆனால் நிலையான ஓர் எதிராளி கிடைத்தவருக்கு, அவர் ஒரே அறையில் இருந்தாலும் சரி, அருகிலுள்ள நகரத்தில் இருந்தாலும் சரி, என் தேர்வு சூப்பர் டர்போதான். இருவரும் பாத்திரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் வேறு ஆட்டம் தொடங்குகிறது. பதினாறு பேர் என்பது முழுவதும் கற்றுத் தீராத, ஆனால் முழுவதையும் அறிந்துகொள்ளக்கூடிய அளவு. தீப்பந்தும் தாவலும் எப்படி ஒன்றையொன்று கேள்வி கேட்கின்றன என்பதைக் காட்டுவதால் ரியூவிலிருந்து தொடங்கலாம். எதிராளி கைலை எடுத்துக்கொண்டால் இருவருக்கும் சில வாரங்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது. அதன் பிறகு ஒருவர் ஜாங்கீஃபுக்கு மாறிப் பார்க்க வேண்டும்; அதுவரை எளிதாகத் தோன்றிய தீப்பந்து எவ்வளவு எச்சரிக்கையுடன் எறியப்பட வேண்டியது என்பது இருவருக்கும் அப்போதுதான் விளங்கும். தால்சிமை மட்டும் சில மாதங்கள் தள்ளிப்போடுவது நல்லது, ஏனென்றால் மற்றவர்களின் அடி எதுவரை எட்டும் என்று கண்ணளவில் தெரிந்த பிறகே அவருடைய நீண்ட கைகால்களால் பயன் உண்டு.